ஐந்து நிமிட இடைவெளி

வலது கண்ணில் புரை எடுத்து மூன்று நாள்கூட ஆகவில்லை. அதற்குள், மூத்தவளின் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட ஆளில்லை என்பதே அந்த வீட்டில் பெரிய பாடாகிவிட்டது.

பள்ளிச் சீருடை தைக்கும் பட்டறையில் துணி வெட்டுகிறவள் அவள். இருபத்திரண்டு வருஷம் கத்தரி பிடித்த கைக்கு மருந்துக் குப்பியைக் கண்ணுக்கு நேரே பிடிக்க வரவில்லை. இமை தானாக மூடிக்கொண்டது. புருஷன் தண்ணீர் மோட்டார் மெக்கானிக். எவ்வளவு பெரிய மோட்டாரையும் பிரித்துப் போட்டுவிடுவார், ஆனால் சிவந்த கண்ணைப் பார்க்க அவருக்குத் தைரியம் கிடையாது. முகத்தைத் திருப்பிக்கொண்டு விட்டதில் ஒரு சொட்டு மூக்கிலும் ஒரு சொட்டு காதோரத்திலும் விழுந்தது.

"கண்ணு இங்க இருக்குங்க."

"தெரியுது. நீ ஆடாம இரு."

"ஆடுறது நான் இல்ல."

அவர் குப்பியை மூடி வைத்துவிட்டு மாடிக்குப் போனார். மாடியில் அவருடைய தம்பி குடும்பம். தம்பி மனைவியான இளையவளும் மூத்தவளும் பேசி இரண்டு வருஷம் ஆகிறது. என்ன சண்டை என்று கேட்டால் மூத்தவளுக்குச் சொல்லத் தெரியாது. இளையவளின் அம்மா இறந்த சமயத்தில் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இவளும் வீம்புக்குத் திருப்பிக்கொண்டாள்.

இளையவள் இறங்கி வந்தாள். சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். "மேல பாருங்க" என்று சொல்லி, ஒரு விரலால் கீழ் இமையை இழுத்து, சொட்டைச் சரியாக உள்ளே விட்டாள். "மூடிக்கோங்க." அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். அதுவரை சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டாவது சொட்டும் விழுந்ததும் படியேறிப் போய்விட்டாள். தினம் நாலு வேளை இப்படியே நடந்தது. அந்த மூன்று வார்த்தைக்கு மேல் அவள் வாயிலிருந்து எதுவும் வரவில்லை.

ஐந்தாம் நாள் மதியம், முதல் சொட்டு விழுவதற்கு முன் மூத்தவள் அவள் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தாள். காதோரம் முழுக்க வெள்ளை. கண்ணுக்குக் கீழே குழி.

"உனக்கு எப்ப இவ்வளவு நரைச்சுது?"

"ரெண்டு வருஷமா இப்படித்தான் இருக்கு. நீங்கதான் என்னைப் பாக்க மாட்டீங்களே." சொட்டு விழுந்தது. "மூடிக்கோங்க."

கண்ணை மூடிக்கொண்டு மூத்தவள் கேட்டாள். "நான் பாக்க மாட்டேனா?"

"எங்கம்மா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப, நான் வராந்தா பெஞ்சுல உக்காந்திருந்தேன். நீங்க வந்தீங்க. எழுந்து நின்னேன். என் மூஞ்சியப் பாத்துட்டே தாண்டிப் போயிட்டீங்க. மூணாம் நாள் அம்மா போயிட்டாங்க."

மூத்தவள் மூடிய கண்ணோடு குரல் வந்த பக்கம் திரும்பினாள்.

"உங்கம்மாவைப் பாக்கத்தான் வந்தேன்," என்றாள். "ஃபிளாஸ்க்ல பால் கொண்டுவந்தேன். அந்த வராந்தா கடைசியில ஒரு பெரிய ஜன்னல். வெளிச்சத்துக்கு எதிர்ல எல்லா மூஞ்சியும் கறுப்பாத்தான் தெரிஞ்சுது. மூணு சுத்து சுத்தினேன்."

"யாரையாவது கேக்கலாமில்ல?"

"எந்த வார்டுன்னு நர்ஸைக் கேட்டேன். 'அதான் கதவுல எழுதியிருக்கே'ன்னா. என்ன பதில் சொல்றது? திரும்பி வந்துட்டேன்."

"வீட்டுக்கு வந்தாவது சொல்லியிருக்கலாம்."

"சொன்னா இவருக்குத் தெரியும். அப்புறம் பட்டறைக்குத் தெரியும். கண்ணு தெரியாதவ கையில எவன் கத்தரியைக் குடுப்பான்? கைப்பழக்கத்துல ஒப்பேத்திட்டு இருந்தேன். போன மாசம் நாப்பது கால்சட்டைக்கும் இடது காலாவே வெட்டி வெச்சேன் பாரு, அப்பத்தான் குட்டு வெளிப்பட்டுது."

இளையவள் சிரிக்கவில்லை. படியேறும் சத்தம் கேட்டது. இரண்டாவது மருந்து விடாமலே போய்விட்டாள்.

ஐந்து நிமிடம் கால் மணியானது. நம்பவில்லை போலிருக்கிறது என்று மூத்தவள் நினைத்துக்கொண்டாள். நம்பினாலும் என்ன, போன உயிர் திரும்பவா போகிறது? மூடிய கண்ணோரம் ஈரம் கசிந்தது. துடைக்கக் கையைக் கொண்டுபோனவள், கண்ணைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொன்னது நினைவுக்கு வர, கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

படியில் காலடி கேட்டது.

"அழாதீங்க. மருந்தெல்லாம் வெளிய வந்துடும்."

"நீ மட்டும் அழுதுட்டுத்தானே வர்ற?"

"நான் என்ன ஆப்பரேஷனா பண்ணியிருக்கேன்? மேல பாருங்கக்கா."

'அக்கா' என்று அவள் அழைத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சொட்டு விழுந்தது. இந்த முறை இளையவள் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பெரியவ ஏன் வரலன்னு அம்மா கேட்டாங்க. வேலை ஜாஸ்தியா இருக்கும்மான்னு சொல்லி வெச்சேன்."

"என் மேல அவ்வளவு கோபத்தை வெச்சுக்கிட்டா?"

"அவங்ககிட்டப் போயி உங்களை விட்டுக்குடுக்கச் சொல்றீங்களா?"

மூத்தவள் கையை நீட்டித் துழாவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இளையவள் அந்த மூன்று நாள்களையும் முதலிலிருந்து சொன்னாள். அம்மா கடைசியாகச் சாப்பிட்டது என்ன, யாரை யாரைத் தேடினாள், மூச்சு எப்படி அடங்கியது என்று. இத்தனை நாளாக அவள் யாரிடமும் சொல்லாதவை.

நடுவில் ஒரே ஒரு தடவைதான் மூத்தவள் வாயைத் திறந்தாள்.

"எந்தக் கட்டில்?"

"நீங்க தாண்டிப் போனீங்களே, அந்தக் கதவுக்கு உள்ள, முதல் கட்டில்."