ஆகஸ்ட் தொண்ணூறுக்குப் பிறகு வந்த வண்டிகள்

மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தபோது அக்கா திடீரென்று, "லேய், வலது பக்கம் பாரு!" என்று கத்தினாள்.

நான் கைபேசியிலிருந்து நிமிர்வதற்குள் வெள்ளி நிறத்தில் ஒரு கார் எங்களைக் கடந்து முன்னால் போயிற்று. தாழ்ந்த கார். பின்பக்கம் உருண்டு சரிந்திருந்தது. கரகரவென்று ஒரு சத்தம். இந்தப் பாலத்தின் மேல் அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை.

"என்ன வண்டி?" என்றாள் அக்கா.

"போர்ஷே."

"அது பின்னால எழுதியே வச்சிருக்கான். வருஷம் சொல்லு."

"எண்பத்தஞ்சா?"

"எதை வச்சு சொல்லுக?"

எதை வைத்தும் இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"பம்பர் ஓரத்துல கறுப்பா ரப்பர் மடிப்பு இருந்துச்சே, ஆர்மோனியப் பெட்டிக்கு இருக்கது மாதிரி, பாத்தியா? எழுபத்தி நாலுல இருந்து எண்பத்தி ஒம்பது வரைக்கும் அந்த மடிப்பு உண்டு. சும்மா அடிச்சுவிட்டாலும் செரிதான். ஒரு மார்க் வச்சுக்கோ."

கடைசியாக அவள் எனக்கு மார்க் போட்டபோது எனக்குப் பன்னிரண்டு வயது.

நான் டெல்வின். மெல்பர்னில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. ரெனிஷா அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். அருமனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் டீச்சர். அவள் மகள் பெமிலாவின் கல்யாணத்துக்காக ஜனவரி முதல் வாரமே வந்திருந்தேன். அன்று கல்யாண மாலைக்கும் மேடை அலங்காரத்துக்கும் பூ சொல்ல அக்காவும் நானும் தோவாளைக்குப் போய்க்கொண்டிருந்தோம். அத்தான் பந்தல்காரரோடு வீட்டில் நின்றுவிட்டார். அக்கா தன் வேகன் ஆரை ஓட்டினாள். அவள் எப்போதும் நாற்பது, நாற்பத்தைந்தைத் தாண்ட மாட்டாள். மீன் வண்டிகள்கூட எங்களை முந்திப் போயின.

அப்பா ஜான்ரோஸ் குவைத்தில் ஒரு கார் கம்பெனியின் உதிரிபாக ஸ்டோரில் இருந்தார். சால்மியாவில் வீடு. விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை காலையில் சர்ச், சாயங்காலம் கடற்கரை ரோடு. அப்பாவின் பழைய டட்சனில் நானும் அக்காவும் பின் சீட்டில் ஆளுக்கொரு ஜன்னலைப் பிடித்துக்கொள்வோம். எதிரே போர்ஷே 911 வந்தால் முதலில் பார்த்தவர் வருஷம் சொல்ல வேண்டும். எல்லா வருஷத்து வண்டிக்கும் ஒரே சாயல். தவளை மாதிரி முன்னால் இரண்டு உருண்டைக் கண், பின்னால் சரிவு. வித்தியாசத்தைப் பொடி விஷயங்களில்தான் பிடிக்க வேண்டும். அப்பா கம்பெனியிலிருந்து கொண்டுவரும் விளம்பரப் புத்தகங்களை அக்கா பாடப் புத்தகம்போலப் படிப்பாள். மெலிந்து பளபளக்கும் பம்பர் போட்ட அறுபதுகளின் வண்டிக்கு ஐந்து மார்க். மடிப்பு பம்பருக்கு ஒன்று. பம்பரும் உடம்பும் ஒன்றாக வழுவழுவென்று சேர்ந்திருக்கும் புது மாடல் அப்போதுதான் வந்திருந்தது. அதற்கு மூன்று. அக்கா எப்போதும் ஜெயிப்பாள். முன் சீட்டிலிருந்து அம்மா, "சின்னப் பையனுக்கு ஒண்ணு விட்டுக்குடு பிள்ளே" என்பாள். அக்கா விட்டுக்கொடுத்ததே இல்லை.

தொண்ணூறு ஆகஸ்டில் யுத்தம் வந்தது. ஆளுக்கு ஒரு பையோடு பாக்தாத் வழியாக ஜோர்தானின் அம்மான் வரை பஸ்ஸில் போனோம். அங்கிருந்து பம்பாய்க்கு விமானம், பிறகு ரயில். புத்தகங்கள் சால்மியா வீட்டுக் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தன. ஊருக்கு வந்ததும் அப்பா அருமனையில் ஒரு சின்ன ஸ்பேர் பார்ட்ஸ் கடை போட்டார். ரப்பர் பால் ஏற்றும் ஜீப்புகளும் அம்பாசிடரும் தவிர அங்கே பார்க்க எதுவும் இல்லை. விளையாட்டு அதோடு நின்றது.

தக்கலையில் சிக்னலுக்கு நின்றபோது பக்கத்தில் மஞ்சளாக ஒன்று வந்து நின்றது. முன் விளக்கு உருண்டையாக இல்லை. உடைத்து ஊற்றிய முட்டை மாதிரி ஒரு பக்கம் வழிந்திருந்தது.

"இது நம்ம லிஸ்டுல இல்ல அக்கா."

"தொண்ணூத்தி எட்டுக்கு அப்புறம் வந்தது. எஞ்சினைக் குளிர வைக்க முதல் தடவையா வெள்ளம் வச்சது இதுலதான். அதுக்கு முன்னே எல்லாம் காத்துலயே ஆறும். அதனாலயாக்கும் அந்த வெள்ளி வண்டிக்கு அப்பிடி ஒரு சத்தம்." பச்சை விழுந்தது. மஞ்சள் கார் பாய்ந்து போனதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பின்னால் ஹாரன் அடித்தார்கள். "இந்த முகத்தை அப்ப யாருக்கும் பிடிக்கல. எனக்குப் பிடிச்சுது."

"இதெல்லாம் நீ எங்கே படிச்சே?"

"மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டு கடையில மாசாமாசம் கார் புத்தகம் வரும். இருபது வருஷம் வாங்கினேன். இப்ப போனுலயே வருது."

அம்மாவின் அடக்கத்துக்கு வந்தேன், அப்பாவுடையதுக்கு வந்தேன், நடுவில் இரண்டு கிறிஸ்துமஸுக்கும் வந்தேன். அக்கா கார் புத்தகம் வாங்குகிறாள் என்பது எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை.

பார்வதிபுரம் பாலத்தில் கரும்பச்சையில் ஒன்று போயிற்று. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். அதன் கண் கொஞ்சம் சாய்ந்திருந்தது. காற்றில் ஆறும் எஞ்சினோடு வந்த கடைசி வரிசை என்றாள் அக்கா. தொண்ணூற்றைந்தோ ஆறோ. அதற்கு எத்தனை மார்க் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "நாலு" என்றாள். வண்டிகள் எல்லாம் எங்கிருந்து வருகின்றன என்று போனில் தேடினேன். கொச்சியில் ஒரு போர்ஷே சங்கம். திருவனந்தபுரம் வந்து, அங்கிருந்து மதுரைக்குப் போகிறார்கள்.

தோவாளையில் பூச்சந்தைக்குத் திரும்பும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டோரப் புளியமரத்தடியில் ஆரஞ்சு நிறத்தில் ஒன்று நின்றது. பின்னால் வயலில் மாசி அறுப்புக்கான கும்பப்பூ நெல் கதிர் விட்டிருந்தது. மெலிந்த பம்பர் வெயிலில் மின்னியது. அறுபது தாண்டிய ஒருவர் கதவைத் திறந்து போட்டு, ஒரு காலை வெளியே நீட்டி முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி தண்ணீர் பாட்டிலோடு நின்றாள்.

அக்கா வண்டியை ஓரம் கட்டினாள். இறங்கினவள் அவரிடம் போகவில்லை. ஆரஞ்சுக் காரின் பின்பக்கமாகச் சுற்றி, வலது கதவுக்குப் பின்னால் குனிந்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"டெல்வின், இஞ்ச வா."

போனேன். கதவுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்ன மூடி.

"எழுபத்தி ரெண்டு" என்றாள். "ஆயில் ஊத்துற வாய். அந்த ஒரு வருஷம் மட்டும்தான் வெளியில வச்சான். பெட்ரோல் பங்க்ல நிக்கவங்க தெரியாம அதுல பெட்ரோலை ஊத்திட்டாங்க. அடுத்த வருஷமே எடுத்துட்டான். குவைத்துல அஞ்சு வருஷம் தேடினேன். ஒண்ணுகூட கிடைக்கல."

அந்த மனிதர் நொண்டிக்கொண்டே எழுந்து வந்தார். "இது கண்டுபிடிச்ச ஆளை ரெண்டு ஸ்டேட்டிலயும் நான் பார்த்ததில்லை. நீங்க யார்?"

திருவனந்தபுரத்துக்காரர். டாக்டர் ஸ்ரீகுமார். முப்பது வருஷம் மஸ்கட்டில் இருந்தவர், அங்கே வாங்கிய கார். அக்கா பிசிக்ஸ் டீச்சர் என்றதும் "டீச்சரே" என்று கூப்பிட ஆரம்பித்தார். நாகர்கோவில் நெரிசலில் கிளட்ச் மிதித்து மிதித்து இடது முழங்கால் வீங்கிவிட்டது. மற்றவர்கள் ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டி ஒரு ஓட்டலில் சாப்பாட்டுக்குக் காத்திருக்கிறார்கள். அங்கே வேறு டிரைவர் உண்டு. இங்கிருந்து அதுவரை கொண்டுபோக ஆளில்லை. அவர் மனைவிக்குக் கார் ஓட்டத் தெரியாது.

அக்காவும் அவரும் கால் மணி நேரம் பேசினார்கள். கார்ப்புரேட்டரா இஞ்செக்‌ஷனா, எஞ்சின் இரண்டரை லிட்டருக்குக் குறைவா கூடுதலா என்றெல்லாம். எனக்குப் பாதி விளங்கவில்லை. பிறகு அவர் சாவியை நீட்டினார்.

"டீச்சர் ஓட்டுமோ?"

அக்கா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "ஐயோ, வேண்டாம் சார். இடது பக்கம் ஸ்டியரிங். நான் பழகினதில்ல. எங்கேயாவது தட்டிடுச்சுன்னா?"

"நான் பக்கத்துல இருக்கேன். பைய போனா மதி, போதும்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து அவள் என்னிடம் எதற்கும் அனுமதி கேட்டதில்லை. அன்று கேட்டதுபோல் இருந்தது.

"போ அக்கா" என்றேன்.

சேலையை இழுத்துச் செருகி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். டாக்டரின் மனைவியை ஏற்றிக்கொண்டு வேகன் ஆரில் நான் பின்னால் போனேன். முதலில் ஆரஞ்சுக் கார் இரண்டு தடவை உதறி நின்றது. மூன்றாவது தடவை நகர்ந்தது. மலை நெருங்கி ரோடு விரிந்த இடத்தில் கியர் மாறும் சத்தம் கேட்டது. பிறகு அந்தக் கரகரப்பு ஒரே சீராக ஏறிற்று. காற்றாலைகள் தெரிய ஆரம்பித்தபோது எங்களுக்கு இடையே இருபது வண்டி தூரம். அக்காவைப் பிடிக்க நான் எண்பதில் போனேன்.

அப்போது எனக்கு அந்த இரவுச் சாப்பாடு ஞாபகம் வந்தது. அக்கா பிளஸ் டூ நல்ல மார்க்கில் முடித்திருந்தாள். மெக்கானிக்கல் இஞ்சினியரிங் சேரவேண்டும் என்றாள். அப்பா பதில் சொல்லாமல் கிழங்கைப் பிசைந்துகொண்டிருந்தார். நான்தான் சிரித்தேன். "அக்கா காருக்கு அடியில மலந்து கெடப்பாளா?" என்றேன். அம்மாவும் சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். அத்தோடு முடிந்தது. அக்கா பி.எஸ்சி. படித்தாள், பி.எட். படித்தாள். மூன்று வருஷம் கழித்து நான் இஞ்சினியரிங் சேர்ந்தேன், மெக்கானிக்கல்தான். பிடிக்காமல் பாதியில் கம்ப்யூட்டருக்கு மாறினேன்.

ஓட்டல் வாசலில் அக்கா இறங்கினாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டாக்டர் அவள் நம்பரை வாங்கிக்கொண்டார். சாப்பிடச் சொன்னார்கள். அவள் பாலில்லாத கட்டன் சாயா மட்டும் குடித்தாள்.

திரும்பி வரும்போது நான் ஓட்டினேன். கைகளை மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீ இஞ்சினியரிங் கேட்ட அன்னைக்கு நான் சிரிச்சேன்."

"ஓர்மை இருக்கு."

"நான் சிரிக்காம இருந்திருந்தா…"

"அப்பா விட்டிருக்க மாட்டார். அவர் முந்தியே முடிவு பண்ணிட்டார். உன் சிரிப்பு அவருக்குச் சௌகரியமாப் போச்சு." விரித்த கைகளை மூடிக்கொண்டாள். "ஆனா நீ சிரிச்சதுதான் எனக்கு வலிச்சுது. அப்பாகிட்ட நான் எதிர்பாக்கல. உன்கிட்ட எதிர்பாத்தேன். என் கூட ஜன்னல்ல இருந்த ஆளு நீதானே."

மன்னிப்புக் கேட்டேன். அவள் "செரி மக்கா" என்றாள். மன்னித்துவிட்டாளா என்று எனக்குத் தெரியாது. கேட்டதை அவள் வாங்கிக்கொண்டாள், அவ்வளவுதான்.

தோவாளையில் பூக்கடைக்காரர் ஜெபகனி கல்யாணச் சேலை என்ன நிறம் என்று கேட்டார். அக்கா "ஆரஞ்சு" என்றாள். பிறகு தலையை உலுக்கி, "இல்ல, வெள்ளை. பெண்ணுக்கு வெள்ளைச் சேலை" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். பிச்சியும் ரோஜாவும் சொல்லிவிட்டு வந்தோம்.

கல்யாணம் நன்றாக நடந்தது. நான் கிளம்பும் நாளன்று அக்காதான் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குக் கொண்டுவிட வந்தாள். களியக்காவிளை தாண்டியதும் ஒரு டேங்கர் லாரியை முந்திக் கடந்தாள். பிறகு ஒரு பஸ்ஸை. முள் எழுபதில் நின்றது. என் வலது கால் தானாக இல்லாத பிரேக்கைத் தேடியது.

"பயமா இருக்கா?" என்றாள்.

"இருக்கு."

"இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கியரைப் போட்டாள்.