ஒடுக்கு விழுந்த ஊதல்

இறகு பிடுங்கிய வாத்து எதுவானாலும் அது என்ன வகை என்று நெரீனா சொல்லிவிடுவாள். முப்பது குளிர்காலம் கொல்லைப்புறத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து உரித்த கை. கொழுப்பு மஞ்சளாகத் திரண்டிருந்தால் வயலில் தானியம் மேய்ந்த பச்சைத்தலை. உள்ளங்கைக்குள் அடங்கினால் கிளுவை. தோலிலேயே சேற்று வாடை அடித்தால் கரண்டிமூக்கு. அதை வெங்காயமும் வினிகரும் ஊற்றி ஒரு ராத்திரி ஊற வைக்காமல் வாயில் வைக்க முடியாது. கணவன் லோரிஸ் அடித்த வாத்துகளைக் கழுத்தில் கயிறு கட்டிக் கொண்டுவந்து கொக்கியில் மாட்டுவான். அவள் இறக்கையை வெட்டி வாளியில் போடுவாள். அவை பறக்கும்போது எப்படி இருக்கும் என்று அவன் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை.

காயலிலிருந்து படகு வீட்டுப் பக்கம் திரும்பும் வளைவில் அவன் தகர ஊதலை எடுத்து இரண்டு தடவை ஊதுவான். நாமத்தலை வாத்தின் குரல். முதலில் உயர்ந்து, பிறகு சறுக்கி, கடைசியில் கரகரவென்று உடையும். அது காதில் விழுந்ததும் நெரீனா சோளமாவுக் களிக்குத் தண்ணீர் வைப்பாள். அவன் கரையேறி, படகைக் கட்டி, பூட்ஸைக் கழற்றி உள்ளே வருவதற்கும் தண்ணீர் கொதிப்பதற்கும் சரியாக இருக்கும்.

ஜனவரியில் லோரிஸ் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். ஊதல் சமையலறை ஆணியிலேயே தொங்கியது.

பனி விட்டதும் சான்தே வந்தார். காயலின் வேட்டை முழுவதும் அவர் பொறுப்பில். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர், காபி ஆறும்வரை வானிலையைப் பற்றியே பேசினார். பிறகு விஷயத்துக்கு வந்தார். காயலில் வேட்டைக்காரர்கள் உட்காருவதற்குச் சேற்றில் புதைத்த பீப்பாய்கள் கொஞ்சம்தான். ஒருவர் இறந்தால், அடுத்த வேட்டைக்காலத்தின் முதல் நாள் அந்த வீட்டு ஆள் யாராவது அதில் உட்கார வேண்டும். ஒரு பறவையாவது அடித்துக் கரையில் வைத்து, அது என்ன என்று எல்லார் காதிலும் விழச் சொல்ல வேண்டும். பெயர் தப்பினாலோ, சுடக்கூடாத பறவை வந்தாலோ, ஒன்றுமே வராவிட்டாலோ, பீப்பாய் வரிசையில் அடுத்தவருக்கு.

"அடுத்தது பதுவா டவுன்லேர்ந்து ஒரு பல் டாக்டர். நாலு வருஷமா கேட்டுட்டே இருக்கார்," என்றார் சான்தே. "உங்க பையன் வருவானா?"

"அவன் ஜெர்மனில இருக்கான். துப்பாக்கின்னாலே ஆகாது."

"அப்போ..."

"நான் உக்கார்றேன்."

சான்தே பக்கத்தில் இருந்த துல்லியோவைப் பார்த்தார். துல்லியோ லோரிஸின் தம்பி; காயலில் தனக்கென்று ஒரு பீப்பாய் உள்ளவன். அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சான்தேயின் மோட்டார் சத்தம் வளைவு தாண்டியதும் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அண்ணி, வாத்து வறுக்கறதுக்கும் வாத்து அடிக்கறதுக்கும் நடுவுல நெறைய தண்ணி இருக்கு."

"தெரியும். முப்பது வருஷமா அந்தத் தண்ணியத் தாண்டித்தான் உங்க அண்ணன் விடியறதுக்கு முன்னாடி எழுந்து போனாரு. எங்க போனாருன்னு பாக்கணும்."

அவன் சிரிப்பை நிறுத்தினான்.

கோடையில் அவள் உரிமம் வாங்கினாள். பயிற்சிக்காக வானத்தில் எறியும் மண்தட்டுகளைச் சுடுவது ஒன்றும் கஷ்டமாக இல்லை. நேராக வரும், உடையும். துல்லியோ செருப்புப் பெட்டி நிறையக் காய்ந்த இறக்கைகளைக் கொண்டுவந்து மேஜையில் பரப்பினான். அவளைத் திணறடிக்கலாம் என்று நினைத்திருப்பான்.

"பச்சைத்தலை. கிளுவை. ஊசிவால், பொட்டை. இது நாமத்தலை, ஆண், தோள்ல வெள்ளை இருக்கு." அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "இது நான் வெட்டினதில்ல. இவ்வளவு நீளமா வெள்ளைப் பட்டை எதுலயும் பாத்ததில்லையே."

"வெள்ளைக்கண்ணி. அதை நீங்க வெட்டிருக்க முடியாது. சுட்டா ஜெயில். இது எங்க அப்பா காலத்து இறக்கை." அவன் இறக்கைகளைத் திரும்பப் பெட்டியில் போட்டான். "சரி. கிளம்புங்க, கரைக்குப் போலாம். உரிச்ச வாத்து பறக்காது, அண்ணி."

கரையில் அவளுடைய படிப்பெல்லாம் காணாமல் போனது. அங்கே நிறம் இல்லை. வெளுத்த வானத்தில் கறுப்புப் புள்ளிகள் வந்தன, போயின.

"அதோ, ஊசிவால்! கழுத்து எவ்வளவு நீளம்!"

"அது நீர்க்காக்கா."

"அப்போ அது?"

"அதுவும் நீர்க்காக்காதான். அவன் பொண்டாட்டி."

அக்டோபர் முழுக்க அப்படித்தான் போனது. கிளுவைக் கூட்டம் யாரோ கைநிறையச் சரளைக்கல்லை வாரி வீசின மாதிரி வரும், ஒரே நேரத்தில் எல்லாம் திரும்பும். பச்சைத்தலை அவசரப்படாது; கல்யாணத்துக்கு வந்த பெரியப்பா மாதிரி ஒரு சுற்று பார்த்துவிட்டுத்தான் இறங்கும். கரண்டிமூக்குக்கு முன்பாரம் அதிகம், மூக்கு உடம்பை இழுத்துக்கொண்டு போகிறாற்போல் இருக்கும். நாமத்தலைக்கு உருண்டைத் தலை, குட்டைக் கழுத்து, வெள்ளை வயிறு. இதெல்லாம் அவளுக்குப் பிடிபட்டது, பாதி நாள். மீதி நாள் நீர்க்காக்காய்தான்.

நாமத்தலையைப் பற்றி மட்டும் கவலை இல்லை என்று அவள் நினைத்தாள். அதன் குரல் தெரியுமே.

நவம்பரில் முதல் வேட்டை நாள். இருட்டிலேயே துல்லியோ கழியை ஊன்றிப் படகைத் தள்ளினான். பறவைகளை ஏமாற்றி இறக்கப் பொம்மை வாத்துகளைத் தண்ணீரில் பரப்பிவிட்டு இருவரும் லோரிஸின் பீப்பாய்க்குள் இறங்கினார்கள். விளிம்பு நீருக்கு ஒரு முழம் மேலே. உள்ளே ஒரு பலகை, மூலையில் ஒரு குட்டிக் கொக்கி. அதில் லோரிஸின் பழைய துணித்தொப்பி பூசணம் பிடித்துத் தொங்கியது. நெரீனா அதைப் பார்த்தாள், எடுக்கவில்லை. புதிதாக உட்காருபவர் பக்கத்தில் ஒருவர் துணைக்கு இருக்கலாம், துப்பாக்கி இல்லாமல். துல்லியோ தன் பீப்பாயை அன்றைக்குக் காலியாகவே விட்டுவிட்டு வந்திருந்தான்.

"பல்செட்டைக் கழட்டி வெச்சுட்டு கல்யாணப் பந்தில உக்காந்த மாதிரி இருக்கு," என்று முனகினான்.

"பேசாம இரு."

வெளுத்தது. தனியாக ஒரு கறுத்த பறவை தாழ்வாக வந்தது. துல்லியோ அவள் முழங்கையை இடித்தான். "செந்தலை. பொட்டை. அடிங்க."

அவள் துப்பாக்கியைத் தூக்கினாள். பறவை திரும்பியது. இறக்கையின் நீளம் முழுக்க ஒரு வெள்ளைப் பட்டை பளிச்சென்று தெரிந்தது. அவள் சுடவில்லை. அது பொம்மைகளுக்கு நடுவே இறங்கி, வாலைத் தூக்கி நீந்தியது. வாலடி வெள்ளை. கண்ணும் வெள்ளை.

துல்லியோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"கண்ணாடிய மாத்தணும்," என்றான் பிறகு.

"நீ மாத்து. பல் டாக்டர் கண்ணும் பாப்பாரா கேளு."

அதற்குப் பின் நெடுநேரம் எதுவும் தாழ வரவில்லை. மற்ற பீப்பாய்களிலிருந்து வெடிச்சத்தம் கேட்டது. வெயில் ஏறினால் பறவைகள் கடலுக்குப் போய்விடும். அவளிடம் இன்னும் ஒரு பறவைகூட இல்லை.

அப்போது முதுகுப் பக்கமிருந்து ஒரு சீழ்க்கை. உயர்ந்து, சறுக்கி, சுத்தமாக முடிந்தது. பத்துப் பதினைந்து பறவைகள் தலைக்கு மேலே வளைந்தன. அவள் துப்பாக்கியை மடியிலேயே வைத்திருந்தாள். கூட்டம் போய்விட்டது.

"அண்ணி! என்ன ஆச்சு? தலைமேல வந்துச்சே!"

"அது என்ன வாத்து?"

"என்ன வாத்தா? நாமத்தலை! காது கேக்கலையா?"

"நாமத்தலை அப்படிக் கத்தாது. கடைசில உடையும். இது உடையல. தெரியாத பறவைன்னு விட்டுட்டேன்."

துல்லியோ அவளைப் பார்த்தான். பிறகு அவள் ஆணியிலிருந்து எடுத்துக் கழுத்தில் மாட்டி வந்திருந்த தகர ஊதலைப் பார்த்தான். வாயைப் பொத்திக்கொண்டு, பீப்பாய் ஆடுகிற அளவுக்குச் சிரித்தான்.

"அண்ணி, ஊதல்ல ஒடுக்கு பாத்தீங்களா? கல்யாணமான புதுசுல அண்ணன் சைக்கிள்லேர்ந்து விழுந்தப்போ நசுங்கினது. அதான் அந்தக் கரகரப்பு. முப்பது வருஷத்துல ஒரு வாத்துகூட அதை நம்பி வந்ததில்ல. அண்ணன் ஊதினா இருக்கற வாத்தும் ஓடிடும்னு எல்லாரும் திட்டுவோம்."

"அப்போ உங்க அண்ணனுக்குத் தெரியாதா?"

"நல்லாத் தெரியும். நானே புது ஊதல் ஒண்ணு வாங்கிக் குடுத்தேன். திருப்பிக் குடுத்துட்டாரு." துல்லியோ இப்போது சிரிக்கவில்லை. தண்ணீரைப் பார்த்தபடி சொன்னான். "'வீட்ல இந்தச் சத்தத்துக்குத்தான்டா அடுப்பு பத்தும்'னாரு."

நெரீனா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மீண்டும் அந்தச் சீழ்க்கை, இந்தத் தடவை எதிரே, நாணலுக்கு அப்பால். உயர்ந்தது, சறுக்கியது, சுத்தமாக முடிந்தது.

"வெள்ளைத் தோளைப் பாருங்க," என்று துல்லியோ கிசுகிசுத்தான். "வெள்ளைத் தோள் இருந்தா ஆண். பொட்டை சீழ்க்கை அடிக்காது."

மூன்று பறவைகள். உருண்டைத் தலை, குட்டைக் கழுத்து. வெள்ளைத் தோள் எதிலும் இல்லை. ஆனால் நடுவில் வந்தது அலகைத் திறந்து சீழ்க்கையடித்ததை அவள் கண்ணால் பார்த்தாள். துப்பாக்கி தோளில் பதிந்தது. முதல் தோட்டா தண்ணீரில் போய் விழுந்தது. இரண்டாவதில் பறவை மடங்கி, பொம்மைகளுக்கு அந்தப் பக்கம் விழுந்தது.

துல்லியோ படகை இழுத்து வந்து பறவையை எடுத்து அவள் கையில் கொடுத்தான். இன்னும் சூடாக இருந்தது. இறகோடு ஒரு வாத்தை அவள் இத்தனை நேரம் கையில் வைத்திருந்ததில்லை.

மதியம் கரையில் எல்லார் பறவைகளும் தலை கிழக்கே பார்க்க வரிசையாகக் கிடந்தன. மற்றவர்களுடைய வரிசைகள் நீளமாக இருந்தன. சான்தே ஒவ்வொருவர் முன்னாலும் நின்று கேட்டுக்கொண்டே வந்தார். நெரீனா முன்னால் ஒரே ஒரு பறவை.

"இது என்னம்மா?"

"நாமத்தலை. ஆண்."

சான்தே குனிந்து இறக்கையை விரித்தார். தோள் சாம்பலாக இருந்தது. பின்னால் நின்றவர்களில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

"வெள்ளை எங்க? பொட்டையா இருக்கப்போகுது. யோசிச்சுச் சொல்லுங்க."

துல்லியோ கரையோரப் புல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்தான். அவனுக்கே சந்தேகம் என்று நெரீனாவுக்குத் தெரிந்தது.

"ஆண்தான். இந்த வருஷத்துக் குஞ்சு. குஞ்சுல தோள் சாம்பலாத்தான் இருக்கும், அடுத்த வருஷம்தான் வெளுக்கும். ஆனா ஓரம் பொட்டை இறக்கை மாதிரி மங்கலா இல்ல, பச்சையா பளபளக்குது பாருங்க. இந்த மாதிரி எத்தனையோ வெட்டி வாளில போட்டிருக்கேன்." பிறகு சேர்த்துக்கொண்டாள்: "சீழ்க்கையும் அடிச்சுது. பொட்டை அடிக்காதாமே."

சான்தே இறக்கையை மடித்து வைத்தார். "நாமத்தலை, ஆண், குஞ்சு," என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு அடுத்தவரிடம் நகர்ந்தார். இரண்டடி போனவர் திரும்பினார். "பீப்பாயோட அடிப்பலகை உளுத்திருக்கு. வசந்தத்துல மாத்திடுங்க. உங்க வீட்டு வேலை அது."

இருவரும் படகில் திரும்பினார்கள். வளைவு வந்தது. துல்லியோ கழியைச் சேற்றில் ஊன்றிப் படகை நிறுத்தினான்.

"ஊதப்போறீங்களா?"

"வீட்ல யாரு இருக்கா, கேக்கறதுக்கு? தள்ளு."

அவன் தள்ளினான்.

சமையலறையில் அவள் ஊதலை ஆணியில் மாட்டினாள். பானையில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தாள். துல்லியோ பூட்ஸைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"அந்தப் புது ஊதல் இன்னும் எங்கிட்டதான் இருக்கு, அண்ணி. அடுத்த ஞாயிறு கொண்டு வரேன். இதை வெச்சுக்கிட்டு உக்காந்தா ஒண்ணும் வராது."

"கொண்டு வா. வாத்துக்கு அதை ஊதிக்கறேன். இது இங்க இருக்கட்டும்." அவள் முக்காலியை இழுத்துப் போட்டு வாத்தை மடியில் வைத்துக்கொண்டாள். "சாப்பிட்டுட்டுப் போ. பூட்ஸோட உள்ள வராதே."

இறக்கையை வெட்டியவள் அதை வாளியில் போடவில்லை. ஜன்னல் விளிம்பில் காய வைத்தாள். பிறகு கழுத்துப் பக்கமிருந்து இறகைப் பிடுங்கத் தொடங்கினாள்.