தபால்காரனுக்கு இரண்டு கண்

அழகான ஆண்களை எழுதுவது என் பிழைப்பு. ஒசாகாவில் தென்மா ஸ்டேஷனுக்குப் பின்னால், ஒரு பல் டாக்டருக்கு மேல்மாடியில் எங்கள் கம்பெனி. பெண்கள் விளையாடும் காதல் கேம் செய்கிறோம். திரையில் படம் நிற்கும், கீழே வசனம் ஓடும், ஆண் குரல் ஒன்று உருகும். நடுநடுவே கதாநாயகி என்ன பதில் சொல்லலாம் என்று இரண்டு மூன்று வழி காட்டும். விளையாடுகிறவள் எதைத் தொடுகிறாளோ கதை அந்தப் பக்கம் போகும்.

இந்த முறை நீராவியில் ஓடும் லண்டன். பழைய ஐரோப்பிய நாவல்களில் கிழவர்களாகவும் பேய்களாகவும் அலைந்தவர்களை இழுத்து வந்து, எல்லோருக்கும் இருபத்தாறு வயதாக்கி, பித்தளைப் பற்சக்கரமும் நீண்ட இமையும் மாட்டிவிட்டேன். ரத்தம் குடிக்கும் பிரபு, பிணம் தைக்கும் டாக்டர், துப்பறிவாளர், கடலடிக் கப்பல் கேப்டன், கோட்டுப் போட்ட திருடன். ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு ரகசியம். கடிகாரம் ரிப்பேர் செய்கிற என் கதாநாயகி, சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டே ஐந்து பேரையும் காதலிப்பாள். சந்தேகம் இல்லாத காதலை எனக்கு எழுத வராது. வாழவும் வராது என்று அப்போது தெரியவில்லை.

ஐந்து கதையையும் முடித்தவளுக்குத்தான் ஆறாவது ஆள் திறப்பான். எல்லாக் கதையிலும் ஓரமாக வந்து கடிதம் கொடுத்துவிட்டுப் போகிற தபால்காரன். அவன் மனிதனே இல்லை, சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை. அவன்தான் உண்மையான நாயகன் என்று வெளியில் தெரிந்தால் கேமின் உயிரே போச்சு. அந்த ரகசியம் நாலு பேருக்குத்தான் தெரியும், அவனுக்குக் குரல் கொடுக்கும் நடிகனிடம்கூட யாருக்காகப் பேசுகிறான் என்று சொல்லவில்லை. டைரக்டர் ஒனோதேரா அம்மாள், கதை எழுதும் நான், படம் வரையும் தொகுரா, குரல் பதிவு செய்யும் கிஜிமா.

ஒரு திங்கட்கிழமை காலை ரசிகைகளின் அரட்டைப் பக்கத்தில் அது எங்கள் கண்ணில் பட்டது. "ஆறாவது ஆள் தபால்காரன்தான். பந்தயம் கட்டுறேன்."

ஒனோதேரா கதவைச் சாத்தினார். ஐம்பத்திரண்டு வயது, கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிவிடுவார். அன்று கழற்றியே வைத்திருந்தார்.

"நாலு பேரு. என்னைக் கழிச்சா மூணு. யாருடா வாயத் தொறந்தது?"

"டைரக்டர், உங்கள மட்டும் ஏன் கழிக்கிறீங்க?" என்றான் தொகுரா, மெலன் பன் மென்றுகொண்டே.

"ஏன்னா சம்பளம் நான்தான் குடுக்கறேன். பன்ன கீழ வை."

கிஜிமா கழுத்தில் ஹெட்போனோடு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் கைப்பையை மடியோடு அணைத்துக்கொண்டேன்.

காரணம் உண்டு. முந்தின வெள்ளிக்கிழமை, ஸ்டேஷன் அருகே காய்கறியும் கறியும் குச்சியில் குத்திப் பொரித்துத் தரும் கடையில் நின்றுகொண்டே சாப்பிடும்போது, கிஜிமா தன் வீட்டு மாற்றுச் சாவியை எனக்குக் கொடுத்திருந்தார். ஒன்றரை வருஷப் பழக்கம். மோதிரம் கொடுக்கிற ஆள் இல்லை அவர். தாமரைக் கிழங்குக் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து எடுத்து சாஸ் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"மதோகா, பதில் ஒண்ணும் அவசரமில்ல. உனக்குத் தோணற அன்னிக்கு நீயே தொறந்து உள்ள போயிடு. எனக்கு அதுவே போதும்."

எனக்கு முப்பத்தெட்டு வயது. அதுவரை யாரும் எனக்குச் சாவி கொடுத்ததில்லை. ரயிலில் பையைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமைக்குப் பிறகு அதே சாவி பைக்குள் உறுத்த ஆரம்பித்தது. ஆறாவது ஆளின் குரலைப் பதிவு செய்கிறவர் அவர். பொம்மைத் தலை ஒன்று வைத்திருக்கிறார், அதன் காதுக்குள்தான் மைக். குரல் நடிகன் அந்த ரப்பர் காதில் கிசுகிசுப்பான், விளையாடுகிறவளுக்குத் தன் காதில் கிசுகிசுத்த மாதிரி இருக்கும். நான் எழுதுகிற ஒவ்வொரு ரகசியமும் அந்தக் காது வழியாகத்தான் போகிறது. அதுவும் போதாதென்று, இரண்டு வாரமாகவே அவர் போனை மேஜையில் கவிழ்த்து வைக்கிறார். அழைப்பு வந்தால் மாடிப்படிக்கு ஓடுகிறார். சாவி கொடுத்த இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, "நாராவுக்கு, அம்மாவைப் பாக்கப் போறேன்" என்றவரை நான் இதே ஒசாகாவில், உமேதா கடைத்தெருவில் கண்ணால் பார்த்தேன். கையில் காகிதப் பை. என்னைக் கண்டதும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "ரயில் மாத்தறேன்" என்றார்.

போனைக் கவிழ்த்து வைக்கிற ஆணை நானே மூன்று கேமில் எழுதியிருக்கிறேன். மூன்று பேருமே துரோகி. பிறகு எனக்கு வேறென்ன தோன்றும்?

பொறி வைத்தேன். உண்மையான முடிவில் தபால்காரன் கடைசிக் கடிதத்தைக் கொடுத்த கையோடு ஓட்டம் நின்றுபோவான். அதற்கு நேர்மாறாக ஒரு பொய் முடிவு கட்டி, கிஜிமாவுக்கு மட்டும் சொல்வது என்று முடிவெடுத்தேன். அரட்டைப் பக்கத்தில் அது வந்தால் அவர்தான். செவ்வாய்க்கிழமை மதியம் உதோன் நூடுல்ஸ் கடையில் எதிரில் உட்கார்ந்து, சாதாரணமாகச் சொல்கிற மாதிரி சொன்னேன்.

"முடிவ மாத்திட்டேன். யார்கிட்டயும் சொல்லல, உங்ககிட்டதான் சொல்றேன். அவன் அவளைத் தன்கூட வரச் சொல்லிக் கேக்கறதே இல்ல. ஒரு நாள் சாயங்காலம் தபால் எல்லாம் குடுத்துட்டு வீட்டுக்குத் திரும்பறான். தெருவுல நின்னு பாத்தா அவன் ஜன்னல்ல வெளக்கு எரியுது. உள்ள அவ இருக்கா. அவ்ளோதான்."

கிஜிமாவின் சாப்ஸ்டிக் அப்படியே நின்றது. காது இரண்டும் சிவந்தன.

"நெஜமாவா?"

"நெஜம்தான்."

"என்னிக்கு?"

"என்ன என்னிக்கு?"

"அந்தக் கதையில. வெளக்கு எரியற நாள்."

"வியாழக்கிழமைன்னு வெச்சுக்குங்களேன்," என்றேன், வாய்க்கு வந்ததை.

அவர் தலையாட்டிக்கொண்டே சூப்பை மடமடவென்று குடித்து முடித்தார். எதற்கு நாள் கேட்கிறார், தகவலைத் துல்லியமாகக் கொடுக்கவா என்று நான் மனசுக்குள் குறித்துக்கொண்டேன். ஒரு ஆண் சந்தோஷத்தில் காது சிவப்பதை வரி வரியாக எழுதத் தெரிந்த எனக்கு, எதிரில் ஒருவர் சிவந்தபோது அது குற்றமாகத் தெரிந்தது.

புதன்கிழமை சாயங்காலம் அரட்டைப் பக்கத்தில் வந்தது. "கடைசியில அவன் வீட்டுக்கு வர்றான், ஜன்னல்ல வெளக்கு எரியுது. இதுதான் முடிவு, எழுதி வெச்சுக்கோங்க." அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. என் பொறி வேலை செய்துவிட்டது என்ற பெருமை. அழுகை பிறகுதான் வந்தது.

வியாழக்கிழமை காலை ஒனோதேராவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கிஜிமாவைக் கூப்பிட்டார். கிஜிமா புதுச் சட்டை போட்டிருந்தார், முடிகூட வெட்டியிருந்தார். அதையும் நான் கவனித்தேன், அதையும் தப்பாகவே எடுத்துக்கொண்டேன்.

"இந்த முடிவ உன்கிட்ட மட்டும்தான் சொல்லியிருக்கா," என்றார் ஒனோதேரா, போனை நீட்டி. "எப்படி வெளிய வந்துச்சு?"

கிஜிமா படித்தார். என்னைப் பார்த்தார். "இது... பொய்யா?"

"பொறி," என்றேன். "உங்களுக்காகவே கட்டினது."

"அப்போ வியாழக்கிழமையும் பொய்யா?"

"என்ன மனுஷன்யா நீங்க! ஊரெல்லாம் சொல்லிட்டு இப்ப கிழமைய விசாரிக்கிறீங்க?"

அவர் மறுக்கவில்லை. அதுதான் என்னை இன்னும் எரிச்சலாக்கியது. என் கதைகளில் நிரபராதிகள் கத்துவார்கள். இவர் கழுத்திலிருந்த ஹெட்போனைக் கழற்றி, ஒயரை மெதுவாகச் சுருட்டி மேஜைமேல் வைத்தார். "கேம் வர்ற வரைக்கும் நீ இந்தப் பக்கம் வராத," என்றார் ஒனோதேரா. கிஜிமா அவருக்குக் குனிந்து வணங்கிவிட்டு, எனக்கும் குனிந்தார், அறிமுகமில்லாத ஆளுக்குக் குனிகிற மாதிரி.

"ஒண்ணரை வருஷம் தொந்தரவு குடுத்துட்டேன், ஹயாமி-சான்."

அதுவரை நாங்கள் தனியாக இருக்கும்போது அவர் என்னைக் குடும்பப் பெயரோடு 'சான்' என்ற மரியாதை சேர்த்துக் கூப்பிட்டதில்லை. இங்கே தனியாக இல்லையே, அதனால்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம் தொகுரா என் மேஜைக்கு வந்தான். கையில் பன் இல்லை. அப்போதே பயந்தேன்.

"ஹயாமி-சான், கொஞ்சம் இதப் பாருங்க. திட்டாதீங்க."

மூன்று வாரம் முன்பு நாங்களே வெளியிட்ட விளம்பரப் படம். முன்னால் ஐந்து அழகர்கள் சாய்ந்து நிற்கிறார்கள். பின்னால் கூட்டம், நீராவி, ஓரத்தில் தபால்காரன். அவன் முகத்தைச் சுற்றி யாரோ ஒரு ரசிகை சிவப்பு வட்டம் போட்டிருந்தாள். "பாருங்கடி. இவனுக்குக் கண்ணு இருக்கு."

எங்கள் தொழிலில் இது குழந்தைக்கும் தெரியும். கதைக்குத் தேவையில்லாத ஆட்களுக்குக் கண் வரைய மாட்டோம். கடைக்காரன், போலீஸ்காரன், வழிப்போக்கன், யாராக இருந்தாலும் மூக்கும் வாயும் இருக்கும், கண் இருக்கிற இடத்தில் தலைமுடி நிழல். கண் இருந்தால் அவனைக் காதலிக்கலாம் என்று அர்த்தம். அந்தக் கூட்டத்தில் நாற்பது பேர் கண்ணில்லாமல் நின்றார்கள். தபால்காரன் மட்டும் இரண்டு கண்ணோடு நேராக நம்மைப் பார்த்தான்.

"எவன்டா இவனுக்குக் கண்ணு போட்டான்?"

"நான்தான். போடச் சொன்னது நீங்க." தன் போனில் என் பழைய செய்தியைக் காட்டினான். *இவனும் குருடன் மாதிரி நிக்கறது மனசுக்கு என்னமோ பண்ணுது தொகுரா. ரெண்டு கண்ணு போட்டுடேன்.* கீழே சிரிக்கிற பூனை வேறு அனுப்பியிருந்தேன்.

"சரி, அந்த வெளக்கு? அது எப்படித் தெரியும்? அது நான் கட்டினது!"

தொகுரா திரையைக் கீழே தள்ளிக்கொண்டே போனான். புதன்கிழமை எழுதியவள் அதே முடிவைப் போன சனிக்கிழமையே எழுதியிருந்தாள், நான் பொறியை யோசிப்பதற்கு மூன்று நாள் முன்பு. தபால்காரன் வீட்டு ஜன்னலில் விளக்கு எரிய வேண்டும் என்று அவளைப் போல முப்பது பேர் கேட்டிருந்தார்கள். ஒருத்தி பூனையும் இருக்கட்டும் என்றிருந்தாள். யாரும் எதையும் கசியவிடவில்லை. எனக்கு மட்டுமே தோன்றும் என்று நான் நினைத்த முடிவு, தனியாக வீடு திரும்புகிற எல்லோருக்கும் தோன்றுகிற ஆசை.

அந்த ஆசையைத்தான் செவ்வாய்க்கிழமை அவருக்கு எதிரில் உட்கார்ந்து, நெஜம்தான் என்று சொல்லியிருக்கிறேன். வியாழக்கிழமை என்று நாளும் குறித்துக் கொடுத்திருக்கிறேன்.

பத்து முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. ஐந்தரை மணிக்கு அவர் வீட்டு வாசலில் நின்று, மூன்றாம் மாடியில், முதல் முறையாக அந்தச் சாவியைப் போட்டுத் திருப்பினேன். உள்ளே யாரும் இல்லை.

செருப்பு அலமாரிக்கு முன்னால் வீட்டுக்குள் போடும் செருப்பு இரண்டு ஜோடி. ஒன்று பழசு, பெரியது. இன்னொன்று பழுப்பு நிறம், என் கால் அளவு, இன்னும் விலைச்சீட்டின் நூல் தொங்குகிறது. பக்கத்தில் உமேதா கடையின் காகிதப் பை மடித்து வைத்திருந்தது. அலமாரி மேல் வீட்டுக்காரருக்குக் கொடுக்க வேண்டிய படிவம், வீட்டில் இன்னொருவர் குடிவருகிறார் என்று தெரிவிப்பது. மூலையில், "மறுபடியும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்" என்ற குறிப்போடு வீட்டுக்காரரின் போன் நம்பர். குடிவருபவர் பெயர் என்ற இடத்தில் பென்சிலால் ஹயாமி மதோகா. பேனாவால் எழுத அவருக்குத் துணிச்சல் வரவில்லை. குளிர்பெட்டியில் பிரிக்காத கேக் பெட்டி, இரண்டு துண்டு. எந்த நாளுக்குள் சாப்பிட வேண்டும் என்ற சீட்டில் வியாழக்கிழமைத் தேதி.

என் மேலேயே எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கேக்கை நின்றுகொண்டே தின்றேன், இரண்டு துண்டையும். பிறகு அழுதேன். புதுச் செருப்பைக் கால்களில் மாட்டிக்கொண்டு, விளக்கைப் போட்டுவிட்டு, ஜன்னலருகே நின்றேன்.

ஆறரைக்கு அவர் தெருமுனையில் திரும்பினார். கையில் கடைப் பை. வழக்கம்போலத் தரையைப் பார்த்துக்கொண்டே வந்தவர், கட்டிடத்துக்கு எதிரே வந்ததும் தலையைத் தூக்கினார். நின்றுவிட்டார். ஒரு சைக்கிள் மணியடித்துவிட்டு அவரைச் சுற்றிக்கொண்டு போனது. நான் கையாட்டினேன். அவர் ஆட்டவில்லை.

பிறகு அழைப்பு மணி அடித்தது. தன் சொந்த வீட்டுக்கு மணியடித்தார். நான் கதவைத் திறந்தேன்.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை," என்றார்.

"தெரியும். தப்பு என்னோடது. கண்ணு போடச் சொன்னதே நான்தான், யாரும் எதையும் வெளிய விடல, நீங்க..."

"தொகுரா போன் பண்ணிச் சொன்னான்." வாசலைத் தாண்டி அவர் உள்ளே வரவில்லை. "இது எது? இந்த வெளக்கு. இதுவும் ஏதாவது சோதனையா?"

"இல்ல. சத்தியமா இல்ல."

"பாத்தீங்களா, நீங்க சொல்றத நம்பணும்னு எனக்கு ஆசையா இருக்கு. முடியல. கீழ நின்னு பாத்தப்போ மொதல்ல என்ன தோணுச்சு தெரியுமா? இதுல என்ன பொறின்னுதான்."

அவர் பார்வை என் கால்களுக்கு இறங்கியது.

"அளவு சரியா இருக்கா?"

"ரொம்ப சரியா இருக்கு."

"நல்லது."

அவர் கையை நீட்டினார், உள்ளங்கை மேலே பார்க்க. நான் என் கையை அதில் வைத்தேன். அவர் கை என் கையை மூடவில்லை, விலக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் அப்படியே தாங்கிக்கொண்டு நின்றார்.

"சாவியத்தான் கேட்டேன், ஹயாமி-சான்," என்றார்.