கடைசித் தாளில் ரேச்சல்

துறைமுகத்தில் கண்டெய்னர் சரிபார்க்கும் பாஸ்கலுக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஒரே ஒரு கிறுக்குதான்: யூதர்களின் பழைய வேதப் புத்தகங்கள். போனைப் பார்த்தே எபிரேய எழுத்தைக் கற்றுக்கொண்ட ஆள். அதிலும் ஒரு ரபி, அதாவது அவர்களுடைய மதகுரு, வைத்திருந்த பிரதி என்றால் சோறு தண்ணி மறந்துபோகும்.

பத்து வருஷம் நாயாய் அலைந்ததற்கு மீஞ்சூர் பழைய பேப்பர் கடையில் ஒன்று அகப்பட்டது. பாக்தாத் ரபி ஒருவரின் திருப்பாடல் புத்தகம். முதல் பக்கத்தில் அவர் கையெழுத்து. கடைசித் தாளில் அவர் குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நாலு எழுத்தில் இறந்த வருஷம்; எபிரேயத்தில் எழுத்துதான் எண்ணும். அவர்களை நினைத்து விளக்கேற்றுவதற்கான குறிப்பு. கை கழுவித் துடைக்காமல் பாஸ்கல் அதைத் தொடமாட்டான்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து அவனுக்கு ரேச்சல் பிறந்தாள். ஞானஸ்நானம் முடிந்த மறுநாளே பிள்ளைக்குக் காய்ச்சல். ஊசிக்கும் மருந்துக்கும் இறங்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம், ஒரு பாடலாவது வாசித்து ஜெபிப்போம் என்று புத்தகத்தை எடுத்தான். கடைசித் தாளின் அடியில் பால்பாயிண்ட் பேனாவால், தமிழில்: ரேச்சல்.

"ஜூடி! இன்னாடி இது?"

பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு மனைவி நிமிர்ந்தாள். "நான்தாய்யா எய்துனேன். நம்ம பைபிளு வெள்ளத்துல ஊறிப்பூட்ச்சே. கொயந்த பேர வேத புஸ்தகத்துல எய்தாம வுட்ருவாங்களா? மொத பக்கத்துல வரிசையா பேருங்கோ மாரி இருந்திச்சி. அவங்கூட்டு புள்ளைங்கோன்னு நெனச்சிகினு, கீய எய்துனேன்."

எபிரேயப் புத்தகம் வலமிருந்து திறக்கும். ஜூடிக்கு முதல் பக்கம், ரபிக்குக் கடைசி. பாவம், அவளுக்கு எப்படித் தெரியும்? வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லி வைக்காத இவனைத்தான் அடிக்க வேண்டும்.

அப்போதுதான் கவனித்தான். ரேச்சல் என்ற பெயருக்கு எதிரே பழுப்பு மையில் ஓர் எழுத்து இருந்தது. வருஷத்தின் முதல் எழுத்து. விரலை வைத்தான். ஈரம்.

"யோவ், ஒடம்பு நெருப்பா கொதிக்குதுய்யா!" என்றாள் ஜூடி.

அவன் கண் முன்னாலேயே இரண்டாவது எழுத்து ஊறி வந்தது.

தாளைக் கிழிக்கக் கை போயிற்று. பெயரோடு சேர்த்துக் கிழித்தால் பிள்ளைக்கு என்ன ஆகும்? யூதர்கள் பழசான வேதத்தைப் புதைப்பார்கள் என்று படித்திருக்கிறான். ஐயோ, ரேச்சல் பெயரை வைத்துக்கொண்டா புதைப்பது! மூன்றாவது எழுத்தும் வந்துவிட்டது. பிள்ளையின் கண் மேலே செருகியது.

பாஸ்கல் பேனாவை எடுத்தான். பத்து வருஷத் தவத்தின் மேல் கோடு போட்டு ரேச்சலை அடித்தான். கீழே தன் பெயரை எழுதினான்.

பிள்ளை வீறிட்டு அழுதது.

"வேர்க்குதுய்யா! காச்சல் வுட்டுச்சி! மாதாவே, தாயே!" ஜூடி சிரித்தாள், அழுதாள், பிள்ளைக்கு முத்தம் கொடுத்தாள். "இன்னாத்துக்கு மரம் மாரி நிக்கிற? வந்து தூக்குய்யா!"

பாஸ்கல் தாளைப் பார்த்தான். அடித்த பெயருக்கு எதிரே ஒன்றுமில்லை. மூன்று எழுத்தும் அவன் பெயருக்கு எதிரே இறங்கியிருந்தன. பக்கத்தில் நாலாவது மெல்ல ஊறிக்கொண்டிருந்தது.

அது முடிவதற்குள் மகளை ஒரு தடவை தூக்கிவிட வேண்டும் என்று ஓடினான்.