ஸ்டாரி யவோரை வதிவிடமாகவும்

"யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும், மொன்ட்ரியாலை வதிவிடமாகவும்… அவ்வளவும் காணும். அனுப்பு," என்றார் நகுலேஸ்வரன் மாமா, அஜந்தாவின் கைபேசியைத் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தபடி.

அவளுடைய அப்பா பேரின்பநாதன் முதல்நாள் இரவுதான் இறந்திருந்தார். மரண அறிவித்தல் இணையத்தில் ஏறவேண்டும். மொன்ட்ரியாலை அடுத்த புரோசார்ட்டில், அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைத் தலைமாட்டில், அப்பாவின் கதிரையில், ஊர்ச்சங்கத் தலைவர் என்ற உரிமையோடு மாமா இருந்தார். மறுபடியும் தேத்தண்ணி கேட்டிருந்தார்.

"ஸ்டாரி யவோரும் வரவேணும் மாமா. அப்பா ஆசுப்பத்திரியிலை கேட்டவர்."

"அந்தச் செக் மலைக்கிராமமோ? கள்ளமா ஆள் கடத்தின ஏஜென்சிக்காரன் ஒளிச்சு வைச்ச இடம் பிள்ளை. அங்கை கொப்பர் காணி வாங்கினவரோ?"

சங்கத்துக்காரர் இருவரும் சிரித்தார்கள். தலைவர் சொன்னால் சிரிப்பதற்கென்றே வந்தவர்கள். ஒருவர் வாயில் பிஸ்கற் இருந்தது.

அஜந்தா போகாமலே அறிந்த ஊர் அது. ஜெர்மன் எல்லையோரம், தார்வீதி முடிகிற இடம். கீழே ஓடை, இரு கரையிலும் கருங்கல் வீடுகள், மேலே ஊசியிலைக் காடு, உச்சியில் கூரை பாதி விழுந்த தேவாலயம். தொண்ணூறுகளின் கடைசியில், பிள்ளைகள் இல்லாமல் மூடப்பட்ட பள்ளிக்கூடத்தில், அப்பா ஒரு பனிக்காலம் முழுவதும் ஒளிந்திருந்தார். ஊரின் கதையை அவருக்குச் சொன்னவள் யோசெப்பின் என்ற கிழவி. செக் நாட்டவரைக் கட்டியதால் மிஞ்சிய ஜெர்மன்காரி. உலகப்போர் முடிந்ததும் மற்ற ஜெர்மன்காரரை ஆளுக்கொரு மூட்டையோடு எல்லைக்கு நடத்தித் துரத்தினார்கள். உலை ஆறுமுன் வேறு சனம் வந்து அந்த வீடுகளில் புகுந்தது.

"போனாக்களின்ரை கோப்பையிலை வந்தாக்கள் கோப்பி குடிச்சவை," என்று அப்பா முடிப்பார். பிறந்தநாளோ சாமத்தியவீடோ, எந்த விருந்திலும் அதே கதை. அந்த வரி வந்ததும் மாமா எழுந்து, புறப்படுவதற்குக் கார்த் திறப்பைத் தேடுவார். அலுப்புத் தாங்காமல் எழும்புகிறார் என்றே அஜந்தா நினைத்திருந்தாள். அவளுக்கும் அலுப்புத்தான்.

"எங்கட ஊருக்குச் சரித்திரம் இல்லையோ? நான் புத்தகமே எழுதினனான்," என்றார் மாமா.

எழுதியிருந்தார். அதில் கோயில்களும் சங்கத் தலைவர்களும் இருந்தன. அட்டையில் மாமாவின் ஊர்வீடு: பித்தளைக் குமிழ் பதித்த இரட்டைக் கதவு, அதன் முன்னால் மாமா.

"அந்தச் செக் ஊரைப் போட்டா சங்கத்தின்ரை மலர்வளையம் வராது. சொல்லிப்போட்டன்."

அஜந்தாவின் அம்மா நல்லம்மா, தன் தமையனான மாமாவின் முன்னால் தேத்தண்ணியை வைத்தாள்.

"அண்ணை, உங்கட ஊர்வீட்டு முன்கதவு ஆரின்ரை?"

"இப்ப என்ன கதை இது?"

"தொண்ணூறிலை இயக்கம் முஸ்லிம் சனத்தை யாழ்ப்பாணத்திலையிருந்து துரத்தின மற்றக் கிழமை, அந்தக் கதவை லொறியிலை கொண்டந்து இறக்கினீங்கள். நான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

"காசு குடுத்து வாங்கினது!"

"ஆருக்குக் குடுத்தனீங்கள்?"

பிஸ்கற்காரர் மெல்வதை நிறுத்தினார்.

"பிள்ளையின்ரை அப்பா அந்தக் கதவாலை ஒருநாளும் உள்ளுக்கு வரேல்லை. பின்பக்கம் கிணத்தடியாலைதான் வருவார். நீங்கள் அதை மரியாதை எண்டு நினைச்சீங்கள்." அம்மா மகளிடம் திரும்பினாள். "ஊரைப் போடு பிள்ளை."

அஜந்தா போட்டாள். மாமா தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பினார். கார்த் திறப்பு அவர் கையிலேயே இருந்தது.

இறுதிக் கிரியை அன்று ஈரப்பனி கொட்டியது. பெட்டியருகே மலர்வளையம் வைக்க மூன்று தாங்கிகள் நின்றன. இரண்டில் பூ. சங்கத்தின் மலர்வளையத்துக்கான நடுத் தாங்கி வெறுமையாக நின்றது. அதை எடுத்துவிடவா என்று மண்டபப் பணிப்பெண் ஷெரோன் பிரெஞ்சில் கேட்டாள். அம்மா வேண்டாம் என்று தலையாட்டினாள்.

மாமா பிந்தி வந்தார். அறிவித்தலைப் படித்துவிட்டும் வந்திருந்தார். இரங்கலுரைக்கு ஒலிவாங்கி வைத்திருக்கிறார்களா என்று முதலில் பார்த்தார். வைத்திருக்கவில்லை. நனைந்த கோட்டைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

"தாங்கோ அண்ணை," என்றாள் அம்மா.

அவள் அதை வாங்கி, கோட்டின் தோள்களைச் சரிசெய்து, நடுத் தாங்கியில் மாட்டினாள். அதிலிருந்து தண்ணீர் கம்பளத்தில் சொட்டத் தொடங்கியது.