‘சாரின் முறையில் ஒரு சிறு மாற்றம்’

1

இந்தக் கதைக்குக் காரணம் ஒரு பொய். பொய்யை எழுதியவன் நான்.

1998 ஆகஸ்டில் ஒரு நாளிதழின் ஞாயிறு இணைப்பில் ‘தாம்பரத்திலிருந்து ஓர் அமெரிக்கக் காப்புரிமை’ என்று அரைப் பக்கம் எழுதினேன். சானடோரியம் ஏற்றுமதி வளாகத்தில் ஒரு மென்பொருள் நிறுவனம். அதன் தலைமைப் பொறியாளர் தட்சிணாமூர்த்தி அமெரிக்காவில் காப்புரிமை பெற்றிருக்கிறார். அதே துறையில் இரண்டாவதாக ஒன்றையும் கண்டுபிடித்து விண்ணப்பித்திருக்கிறார். இதுதான் செய்தி. முதல் பாதி உண்மை. இரண்டாவதைக் கண்டுபிடித்தவர் ஜெயக்கொடி என்ற பொறியாளர். பேட்டி நடந்த அறையில் அவரும் இருந்தார். நான் அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: “ஃபேனைக் கொஞ்சம் வேகமா வைக்க முடியுமா?”

அவர் எழுந்துபோய் வைத்தார்.

மறு ஏப்ரலில் அந்தக் கட்டுரையின் நகலோடு என் வீட்டு வாசலுக்கு வந்தார். “இத எழுதினவர் நீங்கதானே? உங்களால எனக்கு என்ன ஆச்சுன்னு சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்” என்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

2

முதல் வரியாக இவற்றையெல்லாம் எழுதிப் பார்த்தேன்.

‘ஜெயக்கொடி தினமும் கீழ்க்கட்டளையிலிருந்து இரண்டு பஸ் மாறி—’ (வேண்டாம். பஸ் மாறினால் வாசகருக்கு இரக்கம் வரும். அவர் என்னிடம் இரக்கம் கேட்டு வரவில்லை.)

‘கண்டுபிடிப்பு என்பது மனிதகுலத்தின்—’ (இதை எழுதிய கையை மேசை டிராயரில் வைத்து மூடியிருக்க வேண்டும்.)

‘தட்சிணாமூர்த்தி ஒரு திருடர்.’ (இந்த வரியை மூன்று நாள் வைத்திருந்தேன். பிறகு அடித்தேன். அவர் யாருடைய அலமாரியையும் திறக்கவில்லை. தன்னிடம் வேலை பார்ப்பவர்களின் மூளையில் விளைவது தன் வயலில் விளைவது என்று உண்மையாகவே நம்புகிறார். திருடருக்காவது தான் எடுத்தது பிறர் பொருள் என்று தெரியும்.)

அலங்காரத்தை விட்டுவிட்டு, ஜெயக்கொடி எதைக் கண்டுபிடித்தார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். போன முறை நான் செய்யாத வேலை அது.

3

பெரிய பெரிய பட்டியல்களைத் தொலைபேசி இணைப்பு வழியாக அமெரிக்காவுக்கு அனுப்புவது அந்த நிறுவனத்தின் வேலை. இணைப்பு மெதுவானது; அடிக்கடி அறுந்துபோகும். முழுப் பட்டியலையும் தினமும் அனுப்புவதைவிட, நேற்றைக்கும் இன்றைக்கும் இடையில் மாறிய பகுதியை மட்டும் அனுப்பினால் போதும். தட்சிணாமூர்த்தி ஒரு வழி சொன்னார். பட்டியலைச் சம அளவுத் துண்டுகளாக வெட்டு, நேற்றைய துண்டுகளோடு ஒப்பிடு, மாறிய துண்டை மட்டும் அனுப்பு. நல்ல வழிதான். அதற்குத்தான் முதல் காப்புரிமை.

அதில் ஓர் ஓட்டை. ரேஷன் கடை வரிசையைப் பத்துப் பத்துப் பேராகப் பிரித்து, ஒவ்வொரு பத்துக்கும் ஒரு தாளில் பெயர் எழுதி வைத்திருக்கிறீர்கள். வரிசையின் முன்னால் ஒருவர் நுழைந்துவிட்டார். முதல் பத்தின் கடைசி ஆள் இரண்டாம் பத்துக்குத் தள்ளப்படுகிறார், இரண்டாம் பத்தின் கடைசி ஆள் மூன்றாம் பத்துக்கு. நுழைந்தவர் ஒருவர், மாறியது எல்லாத் தாள்களும். தட்சிணாமூர்த்தியின் முறையில் பட்டியலின் தலையில் ஒரு வரி சேர்த்தால் மொத்தப் பட்டியலும் திரும்பப் போனது.

ஜெயக்கொடி எண்ணி வெட்டுவதை நிறுத்தினார். குடும்பம் முடிகிற இடத்தில் வெட்டினார். யார் நுழைந்தாலும் அந்தக் குடும்பத்தின் தாள் மட்டும் மாறும். மற்றவை அப்படியே இருக்கும். பெயரே தெரியாத கணினிக்குக் குடும்பம் எங்கே முடிகிறது என்று எப்படித் தெரியும்? வரிகளின் உள்ளிருந்தே அதைக் கண்டுகொள்ளும் ஒரு கணக்கு. அதுதான் அவருடைய கண்டுபிடிப்பு. பதினான்கு மாத வேலை.

(* ரேஷன் கடை உதாரணம் முஸ்தபாவுடையது. பம்மல்காரர், அந்த நிறுவனத்தின் இணைப்புகளைப் பராமரிப்பவர். நான் புரியாமல் விழித்தபோது சொன்னார்: “சார், க்யூவுல ஒர்த்தன் பூந்துட்டான்னு பின்னாடி கீற அத்தினி பேருக்கும் டோக்கன் மாத்துவியா? நம்ம பெரிய சார் அத்தான் பண்ணாரு. நம்ம ஜெயக்கொடி அக்கா இன்னா சொல்லுச்சு? பூந்தவன் எந்த வூட்டு ஆளுன்னு பாரு, அந்த வூட்டு டோக்கன மட்டும் மாத்துன்னுச்சு. இதுல புரியாததுக்கு இன்னா கீது?” முஸ்தபா கதைக்கு இவ்வளவு வசதியாக அமைந்துவிட்டாரே, நானே செய்துகொண்ட பாத்திரமோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. அடுத்த நாள் போன் செய்து, ‘ஒர்த்தன்’ என்பதை ‘ஒருவன்’ என்று திருத்தி எழுதக் கூடாது என்று மிரட்டினார். சந்தேகம் தீர்ந்தது.)

4

1999 பிப்ரவரியில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் இரண்டாவது விண்ணப்பத்தை நிராகரித்தது. காரணத்துக்கு ‘இரட்டைக் காப்புரிமை’ என்று பெயர். ஒரே கண்டுபிடிப்புக்கு ஒரே உரிமையாளர் இரண்டு காப்புரிமை வாங்கக் கூடாது. சட்டையின் பித்தானை மாற்றிவிட்டுப் புதுச் சட்டை என்று உரிமைக் காலத்தை நீட்டிக்கொள்ளக் கூடாது. நியாயமான சட்டம். எனக்கு அதன்மேல் கோபமில்லை.

நிராகரித்த அதிகாரி ஆதாரமாகக் காட்டியது விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்தில் இருந்த ஒரு வாக்கியத்தை: ‘இது முந்தைய முறையில் ஒரு சிறு மாற்றம்.’

அதை எழுதியவர் ஜெயக்கொடி.

“ஏன் அப்படி எழுதினீங்க?” என்று கேட்டேன்.

“வேற எப்படி எழுதறது? ஃபார்ம் அவர் டேபிளுக்குத்தான் போகணும். ‘உங்க முறை வேலைக்காகல, நான் வேற கண்டுபிடிச்சிருக்கேன்’னு எழுதினா அது அமெரிக்காவுக்கா போகும்? டிராயருக்குள்ள போகும். ‘சாரின் முறையில் ஒரு சிறு மாற்றம்’னு எழுதினேன். அன்னிக்கே கையெழுத்து ஆச்சு. ‘சாரின்’கிறத மட்டும் அங்க வக்கீல் எடுத்துட்டார்.”

“எல்லாருமே அப்படித்தான் எழுதுவீங்களா?”

“எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கு அம்மை போட்டுது. லீவ் லெட்டர்ல ‘தங்கள் வழிகாட்டுதலின்படி’ன்னு எழுதியிருந்தார்.”

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மேலே இருப்பவர் மனம் கோணாதிருக்க நாம் தினமும் எழுதும் வாக்கியங்களுக்கு அளவில்லை. எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் அவை வெறும் கும்பிடு என்று தெரியும். கடல் தாண்டிய ஓர் அதிகாரிக்குத் தெரியாது. கும்பிடை வாக்குமூலமாகப் படித்தார். எழுதியவரே சிறு மாற்றம் என்று ஒப்புக்கொள்ளும்போது பெரிது என்று சொல்ல அவர் யார்?

5

நிராகரிப்பை மீற இரண்டு வழிகள் உண்டு என்று அமெரிக்க வக்கீல் ஃபேக்ஸ் அனுப்பினார். ஒன்று, இரண்டும் வேறு என்று நிரூபிப்பது. ஜெயக்கொடி இரண்டு முறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிக் காட்டி, முதல் முறை எங்கே தோற்கிறது என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதித் தர வேண்டும். மற்றது, ஒரே ஒரு தாள். முதல் காப்புரிமை காலாவதியாகும் அதே நாளில் இரண்டாவதும் காலாவதியாகட்டும், இரண்டும் எப்போதும் ஒரே கையில் இருக்கட்டும் என்று நிறுவனம் எழுதிக் கொடுத்துவிட்டால் நிராகரிப்பு நீங்கிவிடும். இரண்டும் ஒன்று என்று ஒப்புக்கொண்டதாக அதற்குப் பொருள் இல்லை என்றும் வக்கீல் எழுதியிருந்தார்.

தன் முறை தோற்றதாக அரசாங்கக் காகிதத்தில் ஏறுவதை எவர் விரும்புவார்? தட்சிணாமூர்த்தி ஒற்றைத் தாளைத் தேர்ந்தெடுத்தார்.

“அதுவரைக்கும் எனக்கு ஒண்ணுமில்ல சார்,” என்றார் ஜெயக்கொடி. “கம்பெனி சொத்து, கம்பெனி முடிவு. ஆனா அதோட இன்னொரு தாள் வெச்சிருந்தார்.”

‘இரண்டாவது கண்டுபிடிப்பில் தட்சிணாமூர்த்தியும் கூட்டுக் கண்டுபிடிப்பாளர். தவறுதலாக விடுபட்ட அவர் பெயரைச் சேர்க்கவும்’ என்றது அந்தத் தாள். ஜெயக்கொடியின் கையெழுத்து இல்லாமல் அது செல்லாது. அறையில் நடந்ததை அவர் சொன்னபடியே தருகிறேன்.

“ஏம்மா, அமெரிக்காக்காரனே ரெண்டும் ஒண்ணுங்கறான். ஒண்ணுன்னா அது யாரோடது? லாஜிக்கலா யோசி.”

“அப்படின்னா முதல் பேட்டன்ட்ல என் பேரையும் போடுங்க சார். ரெண்டும் ஒண்ணுதானே?”

தட்சிணாமூர்த்தி சிரித்தாராம். “நல்லா பேசற. கையெழுத்துப் போட்டுட்டுப் பேசு. நான் என்ன இல்லாததையா கேக்கறேன்? பேப்பர்லயே வந்திருக்கு, பாரு.”

என்று நீட்டியது என் அரைப் பக்கத்தை. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு ஏற்கெனவே வக்கீலுக்குப் போய்விட்டது.

“உன் பேர்தான் இருக்கே, அவர் பேரும் இருந்துட்டுப் போகட்டும்னு வீட்லயே சொல்றாங்க” என்றார் ஜெயக்கொடி. “அவர் பேர் பக்கத்துல இருந்தா நான் யாரு? டைப் அடிச்சவ. ஃபேன் போட்டவ.”

அமெரிக்க அலுவலகத்துக்குப் பதில் சொல்ல மே பதினான்கு கடைசி நாள், அதாவது நாளைக்கு என்று எழுதத்—(இல்லை. அன்று ஏப்ரல். இன்னும் நான்கு வாரம் இருந்தது. பரபரப்புக்காகத் தேதியை நகர்த்தும் பழைய புத்தி.)

6

நாளிதழுக்கு மறுப்புச் செய்தி எழுதிக் கொடுத்தேன். ‘இத்தனை மாதம் கழித்து எதற்கு’ என்று திரும்பி வந்தது. கதையாக எழுதினேன். குரோம்பேட்டையில் சிறு பத்திரிகை நடத்தும் அசரியாவிடம் முதல் ஐந்து பகுதிகளையும் கொடுத்தேன். பழைய நண்பர். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“யோவ், இததான் போன வருஷமே எழுதிட்டியே. அதே கம்பெனி, அதே கண்டுபிடிப்பு. ஆளை மாத்திப் போட்டா புதுசா?”

“ஆளைத்தான்யா தப்பாப் போட்டேன்.”

“சரி, ‘முந்தைய கட்டுரையின் தொடர்ச்சி’ன்னு அடியில ஒரு வரி சேத்துடு. அச்சுக்கு அனுப்பிடறேன்.”

ஒற்றைத் தாள் எனக்கும் வந்துவிட்டது. மாட்டேன் என்றேன். ஒரு பொய்யின் தொடர்ச்சியாக இது வெளிவராது. அது வேறு, இது வேறு.

முடிவும் இரண்டு எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் ஜெயக்கொடி கையெழுத்துப் போட்டுவிட்டு, யாரிடமும் பேசாமல் வேலையைத் தொடர்கிறார். இன்னொன்றில் தனிப் பெயரில் காப்புரிமை கிடைக்கிறது. தட்சிணாமூர்த்தி தலை குனிகிறார். இரண்டையும் ஜெயக்கொடியிடம் கொடுத்தேன்.

“மொதல்ல இருக்கறதுல நான் பொணம்,” என்றார். “ரெண்டாவதுல ஜெயிக்க வெச்சுட்டீங்க. படிக்கறவங்க நல்லாத்தானே முடிஞ்சுதுன்னு காபி குடிக்கப் போயிடுவாங்க. எனக்கு இன்னும் மே பதினாலே வரல. ரெண்டையும் கிழிங்க.”

கிழித்தேன்.

7

மே பதினான்கு, வெள்ளிக்கிழமை, மாலை ஆறரை. அலுவலக ஃபேக்ஸ் தட்சிணாமூர்த்தியின் அறையில் இருந்ததால், குரோம்பேட்டையில் ஓர் எஸ்.டி.டி. பூத். ஜெயக்கொடி, முஸ்தபா, நான். கூட்டுக் கண்டுபிடிப்பாளர் தாளில் கையெழுத்துக்கான இடத்தின் குறுக்கே ஜெயக்கொடி கோடு போட்டிருந்தார். தன் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்திட்டிருந்தார். முதல் பத்தி: ‘சிறு மாற்றம் என்று நான் எழுதியது என் மேலதிகாரிக்கு மரியாதை காட்ட. அது உண்மையல்ல.’ கீழே சோதனை முடிவுகள்.

வக்கீலிடம் ஏழெட்டு நிமிடம் பேசிவிட்டு வெளியே வந்தார்.

“நான் கம்பெனி வக்கீல், நீ சொல்றத ஃபைல் பண்ண முடியாதுங்கறார். ஆனா இது நான் மட்டும் பண்ணதுன்னு ஆதாரத்தோட தெரிஞ்சுட்டா, நான் கோடு போட்ட தாளுக்குப் பதிலா அவர் பேரை வேற வழியில சேக்கச் சொன்னாலும் ஃபைல் பண்ண முடியாதாம். பொய்னு தெரிஞ்சு தாக்கல் பண்ணா அவர் லைசென்ஸ் போயிடும். கண்டுபிடிச்ச அன்னிக்கு எழுதின நோட்டுப் பக்கம் கேக்கறார். சாட்சிக் கையெழுத்தோட.”

நோட்டை எடுத்தார். 1997 மார்ச். குடும்பம் குடும்பமாக வெட்டும் கணக்கு, படங்களோடு, அவர் கையெழுத்தில். பக்கத்தின் அடியில் அச்சிட்ட ஒரு வரி: ‘படித்தேன், புரிந்துகொண்டேன்.’ கண்டுபிடிப்பில் பங்கில்லாத ஒருவர் போட வேண்டியது. அந்த அலுவலகத்தில் எல்லா நோட்டிலும் தட்சிணாமூர்த்திதான் போடுவார். இந்தப் பக்கத்தை அப்புறம் பார்க்கலாம் என்றிருக்கிறார். வரி காலி.

“குடுக்கா, நான் போடறேன்,” என்றார் முஸ்தபா. “97ன்னு தேதி போட்டுக்கலாம். எவனுக்குத் தெரியும்?”

“பொய்த் தேதி போட்டா எனக்கும் அவருக்கும் என்னடா வித்தியாசம்?”

“சரி, இன்னிக்குத் தேதியே போடறேன். எனக்குப் புரியுது இல்ல?”

“நாளைக்கே உன்னை வெளிய அனுப்பிட்டு, அக்காவும் தம்பியும் சேந்துக்கிட்டு ஜோடிச்சாங்கன்னு சொல்லுவாங்க. உன் கையெழுத்தும் நிக்காது, வேலையும் நிக்காது.”

“இன்னாக்கா இது பேஜார்!”

நான் பேனாவை எடுத்தேன். ஜெயக்கொடி நோட்டை இழுத்துக்கொண்டார்.

“நீங்க போட்டா செல்லாது சார். போன வருஷம் வேற ஆள்னு எழுதினவர் நீங்க. அது அவர் மேஜை மேலயே இருக்கு.”

பூத்காரர் ஃபேக்ஸ் இயந்திரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு, “போடலாமா, வேணாமா?” என்றார். நாங்கள் மூன்று பேரும் அந்தக் காலி வரியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

நான் எழுதுவது இதோடு சரி. ஃபேக்ஸ் போனதா, வக்கீல் என்ன செய்தார் என்பதை உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. அந்த வரிக்கு வேண்டியவர், கண்டுபிடிப்பில் பங்கில்லாதவர், அந்த நிறுவனத்தில் சம்பளம் வாங்காதவர், அரைப் பக்கப் பொய் எழுதாதவர். நீங்கள்தான். மூன்றாம் பகுதி புரியவில்லை என்றால் மறுபடி படியுங்கள். இரக்கப்பட்டுப் போடாதீர்கள், அவருக்கு அது தேவையில்லை. புரிந்திருந்தால் மட்டும்.

படித்தேன், புரிந்துகொண்டேன்.

கையெழுத்து: ....................

தேதி: .................... (இன்றைய தேதி. எவ்வளவு தாமதமாக இருந்தாலும்.)