தேய்ந்த பெடல்

கணவன் வேலை பார்க்கும் நாட்டுக்குப் போக அவள் இரண்டு முறை விசா கேட்டாள். இரண்டு முறையும் கையை விரித்துவிட்டார்கள். முதல் முறை காரணமே சொல்லவில்லை. இரண்டாம் முறை அவளே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். "அங்க போய் என்ன செய்வீங்க?" என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேட்டார். உட்கார்ந்து தின்கிறவள் என்று நினைத்துவிடப் போகிறாரே என்று பயந்து, "நல்லா தைப்பேன் சார். எந்த மெஷினா இருந்தாலும் ஓட்டுவேன்" என்றாள். அவ்வளவுதான், வேலை தேடி வருகிறவள் என்று கதையை முடித்துவிட்டார். உழைக்கத் தெரியும் என்று சொன்னதே குற்றமாகிவிட்டது.

அவன் போனபோது மகள் வயிற்றில் இருந்தாள். லீவு போட்டு வந்தால் அந்த இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்று அவன் வரவே இல்லை. ஐந்து வயது மகளுக்கு அப்பா என்றால் போனில் தெரிகிற முகம்தான்.

ஒருநாள் அவன் போனில் சொன்னான். அவன் வேலை பார்க்கிற தோல் பை கம்பெனியை அங்கே மூடி, அவளுடைய ஊரில் திறக்கப் போகிறார்களாம். இங்கே கூலி குறைவாம்.

"மெஷினை எல்லாம் நாங்களே கழட்டிப் பெட்டியில போட்டுக் கொடுக்கணுமாம்."

"அப்ப நீங்களும் வந்துடுவீங்கல்ல?"

"பார்க்கலாம்" என்றான்.

அவனுடைய வேலை அனுமதி அந்தக் கம்பெனியின் பெயரில் இருந்தது. கம்பெனி மூடினால் அனுமதியும் போகும். வராமல் எங்கே போவார் என்று அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அப்பா வரப்போகிறார் என்று மகளிடமும் சொல்லிவிட்டாள்.

கம்பெனி வந்து சேர்ந்தது. ஆள் எடுத்த அன்று, "என்னம்மா தெரியும்?" என்று மேற்பார்வையாளர் கேட்டார். எந்த மெஷினையும் ஓட்டுவேன் என்று அவள் அதே பதிலைச் சொன்னாள். உடனே சேர்த்துக்கொண்டார்.

மூன்றாவது வரிசையில் அவளுக்கு இடம் கொடுத்தார்கள். உட்கார்ந்து பெடலில் காலை வைத்தவள் குனிந்து பார்த்தாள். ரப்பர் வலது ஓரத்தில் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. அவன் செருப்பும் அப்படித்தான் தேயும். "ரோட்டுல நடக்கிறீங்களா, ரோட்டைச் செதுக்குறீங்களா?" என்று எத்தனை முறை கேலி செய்திருக்கிறாள்.

சாப்பாட்டு இடைவேளையில் அவனுக்குப் போன் செய்து பெடலைப் பற்றிச் சொன்னாள்.

"மேஜை ஓரத்துல இஸ்திரிப் பெட்டி சுட்ட கறுப்பு இருக்கா?" என்று கேட்டான்.

"இருக்கு."

"அப்ப அது என்னோடதுதான்" என்றான்.

"மெஷினே வந்துடுச்சு. நீங்க எப்ப வர்றீங்க?"

"நான் இப்ப ஒரு மீன் குடோன்ல இருக்கேன். பேப்பர் எதுவும் இல்லாமத்தான். இங்கேயிருந்து கிளம்பினா திரும்ப உள்ளே விடமாட்டாங்க. அங்க உனக்குத் தர்றது, எனக்கு இங்க தந்ததுல ஆறுல ஒரு பங்கு. பொண்ணை எப்படிப் படிக்க வைக்கிறது?"

அதே மெஷின், அதே பை. அந்தப் பை போய் விற்பதும் அதே கடையில், அதே விலைக்கு. இவ்வளவு பெரிய இரும்பு கடல் தாண்டி வந்திருக்கிறது. எதற்கு வந்தாய், எப்போது திரும்புவாய் என்று அதை ஒருவரும் கேட்கவில்லை. முதலாளியும் தன் வீட்டு மாடிக்குப் போவதுபோல மாதாமாதம் வந்து போகிறாராம். அப்பா வருவார் என்று இனி மகளை எப்படி நம்பவைப்பது, விசாவுக்குக் காட்டிய கல்யாணச் சான்றிதழைக் காட்டியா?

இடைவேளை முடிந்ததும் மேற்பார்வையாளர் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அவள் காலடியில் குனிந்தார்.

"இது ஒரு பக்கமா தேஞ்சு கிடக்கே. புதுசு மாட்டச் சொல்றேன்மா."

"வேணாம் சார்" என்றாள். "இதைத் தேய்ச்ச ஆள் வரட்டும். அப்புறம் மாத்திக்கலாம்."

அவர் புரியாமல் பார்த்துவிட்டு அடுத்த மெஷினுக்குப் போனார். அவள் தேய்ந்த பக்கமாகவே காலை அழுத்தி, அடுத்த பையைத் தைக்க ஆரம்பித்தாள்.